இளஞ்சிவப்புக் கட்டத்தில் ஒரு டிக்: வீட்டுக்கு வந்த செவிலியர் சேவை

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் வீட்டுக்கே ஆள் அனுப்பி நோயாளியைக் கவனிக்கும் சேவைகள் இப்போது பெருகிவிட்டன. அவற்றில் ஒன்றை இந்த ஜனவரியில் தொடங்கி நான்கு வாரம் பயன்படுத்தினேன். பெயரை எழுதப்போவதில்லை. குறை சொல்லியிருக்கிறேன் என்பதால் அந்தப் பிள்ளைகளின் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது. ஆனால் இப்படி ஒரு சேவையை அமர்த்துகிறவர்கள் எதைக் கேட்க வேண்டும், எதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள என் அனுபவம் உதவும்.

நான் 34 வருடம் அரசு மருத்துவமனை வார்டுகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பத்து வருடம் மாணவிகளுக்குப் படுக்கை அருகில் பாடம் எடுத்தேன். வயது 69. சர்க்கரை பதினோரு வருடமாக இருக்கிறது. ஜனவரி 3-ஆம் தேதி காலை குளியலறையில் வழுக்கி வலது இடுப்பெலும்பை முறித்துக்கொண்டேன். இரண்டு நாளில் அறுவை சிகிச்சை நடந்தது. 11-ஆம் தேதி வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு மகன்களும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். கணவருக்கு 75. என்னைத் தூக்கிப் புரட்டுவதற்கு அவரை நம்பினால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியதாகிவிடும்.

அதனால் போன் செய்தோம். முதல் மதிப்பீட்டு வருகைக்கு 750 ரூபாய். அதை வைத்துத்தான் என்ன ஆள், எத்தனை மணி நேரம் என்று முடிவு செய்வார்களாம். முறை சரிதான்.

12-ஆம் தேதி மாலை ஏழு மணிக்கு ஒரு பையன் வந்தான். மரியாதையான பையன். ரத்த அழுத்தம் பார்த்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. பட்டையைச் சட்டைக் கைக்கு மேல் கட்டாமல், சட்டைக் கையை மேலேற்றிவிட்டு, என் கையை இதய மட்டத்தில் வைத்து எடுத்தான். அதற்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்து டேப்லெட்டில் படிவத்தை நிரப்பத் தொடங்கினான். "தோல், முடி, நகம்" என்று ஒரு பக்கம் இருந்தது. இருபத்தைந்து கட்டமாவது இருக்கும். அந்தப் பக்கத்தை முடிக்க அவனுக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

அப்போது நான் இருந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு கால்களிலும் தொடை வரை ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் இறுக்கமான காலுறை. தலையில் துண்டு. பத்து விரல் நகத்திலும் அரையாண்டு விடுமுறைக்கு வந்த பேத்தி வைத்துவிட்ட மருதாணி. கழுத்து வரை போர்வை. அறையில் மஞ்சள் பல்பு. அவன் போன பிறகு கணவரின் போனுக்கு அறிக்கை வந்தது. தோல்: இயல்பு, புண் இல்லை. முடி: இயல்பு. நகம்: இயல்பு. தோல் நிறம் என்ற இடத்தில் "இளஞ்சிவப்பு" என்ற கட்டத்தில் டிக்.

எங்கள் குடும்பத்தில் எனக்குத் தெரிந்த நாலு தலைமுறையில் யாரும் இளஞ்சிவப்பாக இருந்ததில்லை. கணவர் அதைப் படித்துவிட்டு என்னை ஒரு முறை உற்றுப் பார்த்தார். கல்யாணமாகி 45 வருடம் கழித்துக் கிடைத்த செய்தி.

சிரித்துவிட்டு விடலாம் என்றால் முடியவில்லை. அடுத்த வரியில் பிரேடன் மதிப்பெண் 21 என்று இருந்தது. படுக்கைப் புண் வருமா என்று கணிக்கும் அளவுகோல் அது. பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற இரண்டு அமெரிக்கச் செவிலியர்கள் உருவாக்கி 1987-இல் வெளியிட்டார்கள். உணர்வு, ஈரம், நடமாட்டம், புரளும் திறன், உணவு, உராய்வு என்று ஆறு தலைப்பு. குறைந்தது 6, அதிகபட்சம் 23. மதிப்பெண் குறையக் குறைய ஆபத்து கூடும். 18-க்குக் கீழே வந்தாலே, 18 உட்பட, கவனம் தேவை. இடுப்பு முறிந்து கிடக்கிற சர்க்கரை நோயாளிக்கு 21 எப்படி வரும் என்று பிரித்துப் பார்த்தேன். நடமாட்டத்துக்கு முழுதாக நாலு மதிப்பெண். "அடிக்கடி நடக்கிறார்." நான் கழிப்பறைக்கு நடந்து போய் ஒன்பது நாளாகியிருந்தது.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு நானே பேசினேன். வந்தவன் ஆண் என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வார்டில் எத்தனையோ நல்ல ஆண் செவிலியர்களோடு வேலை செய்திருக்கிறேன். கூச்சமாக இருந்தால் "அம்மா, முதுகையும் காலையும் பார்க்க வேண்டும், ஐயாவைக் கூட இருக்கச் சொல்லலாமா" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பார்க்காததை "பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேன். பார்க்காததை இயல்பு என்று எழுதியதுதான் என் வழக்கு. என் மாணவிகள் இதைச் செய்தால் அன்றைக்கு முழுவதும் பெட்பான் கழுவ விட்டிருப்பேன்.

போனை எடுத்த பெண் விவாதம் பண்ணவில்லை. மறு வருகைக்குக் கட்டணம் இல்லை என்றும் வேறு ஆள் வருவார் என்றும் சொன்னாள். இதற்காக அவர்களுக்கு ஒரு நட்சத்திரம் தாராளமாகக் கொடுக்கலாம்.

வந்தவள் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், ஜி.என்.எம். என்ற செவிலியர் டிப்ளமோ படித்தவள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். காலை பத்து மணிக்கு வந்தாள். வந்ததும் கையைக் கழுவிவிட்டு முதலில் கேட்டது, "அம்மா, அந்த ஜன்னலைத் திறந்துவிட்டு லைட்டை அணைக்கலாமா?" அப்போதே எனக்குப் பாதி நிம்மதி. மஞ்சள் பல்பில் மஞ்சள் காமாலை தெரியாது. எங்கள் காலத்தில் வார்டு டியூப் லைட்டில் எத்தனை பேரைப் பார்த்துத் தவறவிட்டோமோ தெரியாது. பிறகு கணவரிடம், "ஐயா, ஒரு அரை மணி நேரம் வெளியே இருங்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு என்னைத் தொட்டாள். நான் யார், என்ன வேலை செய்தவள் என்று வேண்டுமென்றே சொல்லவில்லை.

தலையிலிருந்து தொடங்கினாள். சீப்பின் வால் முனையால் முடியைக் கோடு கோடாகப் பிரித்து மண்டைத் தோலைப் பார்த்தாள். பின்மண்டையை அழுத்தி வலிக்கிறதா என்று கேட்டாள். நாள் முழுக்க மல்லாந்து கிடப்பவர்களுக்கு அங்கேயும் புண் வரும், முடி மறைத்துவிடும். காது மடலை மடக்கி அதன் மேல் இடுக்கைப் பார்த்தபோது, "ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்களா?" என்றாள். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். குழாய் உராய்ந்த இடத்தில் பருப்பு அளவில் தோல் உரிந்திருந்தது. கண்ணாடிக் கம்பி படும்போதெல்லாம் எரிந்ததற்குக் காரணம் அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அடுத்தது கொஞ்சம் சங்கடம். காதுக்குப் பின்னால் ஒரு முடியைத் தனியாக எடுத்து நகத்தால் இழுத்துப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா, இது பொடுகு இல்லை" என்றாள். பொடுகு இழுத்தால் உதிர்ந்து வந்துவிடும். ஈர் முடித்தண்டோடு பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டு நகராது. மாணவிகளுக்கு வருடா வருடம் நான் சொன்ன வரி. பேத்தி என்னோடு ஒரே தலையணையில் பத்து நாள் படுத்திருந்தாள். மருதாணியோடு இதையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. யாருக்கும் வரும் என்று ஆறுதலும் சொல்லவில்லை. லோஷன் பெயரையும் பேன் சீப்பையும் எழுதி, ஒன்பதாம் நாள் மறுபடியும் போட வேண்டும் என்று நாள் குறித்தாள். முதல் முறை தப்பித்த ஈர் பொரிந்திருக்கும் கணக்கு அது.

புருவத்தின் வெளி முனையை விரலால் நீவிப் பார்த்து, தைராய்டு எப்போது பார்த்தது என்று கேட்டாள். எனக்கு அங்கே முடி உதிர்ந்திருக்கிறது. கண்ணாடியில் தினமும் பொட்டு வைக்கிறவளுக்கு அது தெரியாமல் போயிற்று. ரத்தப் பரிசோதனை எடுத்தோம். இயல்பாகத்தான் வந்தது, வயதுக்கு உதிர்ந்த புருவம். ஆனாலும் கேட்டது சரியான கேள்வி.

அதன் பிறகு நிறம். படிவத்தில் இருந்த இளஞ்சிவப்பை அவளும் பார்த்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. கீழ் இமையைத் தாழ்த்தி ரத்தசோகை பார்த்தாள், உள்ளங்கை ரேகையைப் பார்த்தாள், நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்த்தாள், வெள்ளை விழியைப் பார்த்தாள். கறுத்த தோலில் வெளுப்பையும் நீலத்தையும் மஞ்சளையும் இந்த இடங்களில்தான் தேட வேண்டும். எங்களுக்குப் பாடமாக வந்த புத்தகங்களெல்லாம் வெள்ளைத் தோலை வைத்து எழுதியவை. "சிவந்திருக்கிறதா பார்" என்று அதில் இருக்கும். நம் ஊர் முதுகில் சிவப்பு எங்கே தெரியும்? வெந்தயம் வறுபடுகிற மாதிரி நிறம் ஒரு படி மாறும், அவ்வளவுதான். அந்தப் படிவத்தை எழுதியவர்கள் நோயாளியை எந்த ஊரில் பார்த்தார்களோ!

நீர்ச்சத்து பார்க்கப் புறங்கைத் தோலைக் கிள்ளாமல் கழுத்தெலும்புக்குக் கீழே கிள்ளிப் பார்த்தாள். வயதானவர்களின் புறங்கையில் தோல் எப்படியும் கூடாரம் போட்டு நிற்கும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. மார்புக்கு அடியில் மடிப்பைத் தூக்கித் துடைத்து, ஈரமும் ஓரத்தில் தடிப்பும் இருப்பதைக் காட்டினாள். பூஞ்சைத் தொற்று. எனக்கு அரித்துக்கொண்டுதான் இருந்தது. சொல்லக் கூச்சம். முப்பத்து நாலு வருடம் மற்றவர்களை "கூச்சப்படாமல் சொல்லுங்கள்" என்று அதட்டியவளுக்குக் கூச்சம்!

பிறகு காலுறையைச் சுருட்டி இறக்கினாள். இந்த இடத்தில்தான் அந்த 750 ரூபாய்க்கு அர்த்தம் கிடைத்தது.

இடது குதிகாலில் ஒன்றுமில்லை. வலது குதிகாலில், அறுவை செய்த கால் அசையாமல் ஒரே இடத்தில் கிடந்ததால், ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு நிறம் கொஞ்சம் கருத்து மினுமினுப்பாக இருந்ததாம். நான் பார்க்க முடியாதே, அவள் போனில் படம் எடுத்துக் காட்டினாள். படத்தைப் பார்த்தால் நானே தாண்டிப் போயிருப்பேன். அவள் புறங்கையை வைத்து இரண்டு குதிகாலையும் மாறி மாறித் தொட்டாள். வலது பக்கம் சூடு. விரலால் அழுத்தினாள். வெளிர் தோலாக இருந்தால் அழுத்தி எடுத்ததும் வெளுத்து மறுபடி நிறம் திரும்பும், வெளுக்காவிட்டால் புண்ணின் முதல் நிலை. நம் தோலில் அந்த வெளுப்பு கண்ணுக்குத் தெரியாததால் சூட்டையும் பதத்தையும்தான் நம்ப வேண்டும். "இடது கொய்யாக்காய் மாதிரி இருக்கிறது அம்மா, வலது பழுத்த கொய்யா மாதிரி" என்றாள். இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

தோல் உடையவில்லை. முதல் நாள் மாலை "இயல்பு" என்று எழுதப்பட்ட கால் இது.

நான் வாயைத் திறந்தேன். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைக்கலாமே என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் சிஸ்டரா?" என்றாள். பிடித்துவிட்டாள். அந்த வைத்தியத்தை வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். பிறகு, ரொம்ப மரியாதையாக, அது இப்போது கூடாது என்றாள். முதுகில் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டுத் தேய்ப்பதும் கூடாது. எலும்பு துருத்தும் இடத்தைத் தேய்த்தால் உள்ளே நைந்திருக்கிற திசு இன்னும் நைந்துபோகும். கணவர் மருந்துக்கடையில் வாங்கிவந்த காற்று வளையமும் கூடாது. நடுவில் இருக்கும் ஓட்டையைச் சுற்றி ரத்த ஓட்டத்தை அது நெரிக்கும். நான் வார்டில் எத்தனை முதுகுக்கு ஸ்பிரிட் போட்டுத் தேய்த்திருப்பேன் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள் கெண்டைக்கால் முழுக்கத் தாங்குகிற மாதிரி தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விட்டாள். அடியில் ஒரு காகிதத்தை நுழைத்து இழுத்துக் காட்டினாள். தடையில்லாமல் வந்தது.

நகத்துக்கு வந்தாள். கைவிரலில் மருதாணி, நிறம் தெரியாது. அதனால் கால் நகத்தை அழுத்தி விட்டு, ரத்தம் திரும்பும் நேரத்தை எண்ணினாள். மருதாணி நகத்தையும் அவள் விடவில்லை. கட்டைவிரல் நகத்தின் மேல் தன் நகத்தை மெதுவாக ஓட்டினாள். நுனியை நெருங்கும் இடத்தில் தடக்கென்று ஒரு பள்ளம். குறுக்கே ஒரு வரப்பு மாதிரி. எல்லா விரலிலும் ஏறக்குறைய அதே உயரத்தில். "தீபாவளி சமயம் காய்ச்சலாகக் கிடந்தீர்களா?"

கிடந்தேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் டெங்கு, ஐந்து நாள். கை நகம் மாதம் சுமார் மூன்று மில்லிமீட்டர் வளரும். கடும் காய்ச்சலில் வளர்ச்சி தடைப்பட்டால் அந்த இடம் பள்ளமாகி நகத்தோடு சேர்ந்து முன்னே போகும். ஒன்பது மில்லிமீட்டர், மூன்று மாதம். 1846-இல் பியூ என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை எழுதிவைத்தார், அவர் பெயரில்தான் அந்தக் கோடு இன்றும் வழங்குகிறது. தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக நான் பலமுறை கேட்டிருக்கிறேன். என் விரலில் இருந்ததை ஒருத்தி தடவிச் சொன்னபோது உடம்பு சிலிர்த்தது.

இரண்டு ஆள்காட்டி விரல் நகங்களையும் முதுகோடு முதுகு ஒட்டி வைக்கச் சொல்லி இடையில் வைர வடிவச் சந்து தெரிகிறதா என்றும் பார்த்தாள். சந்து மறைந்திருந்தால் நுரையீரல், இதயம் என்று தேட வேண்டும். தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் ஷாம்ராத் தன் விரல்களிலேயே கண்டுபிடித்து 1976-இல் எழுதிய சோதனை. எனக்குச் சந்து இருந்தது.

அவள் போட்ட பிரேடன் மதிப்பெண் 15.

குறை இல்லாமல் இல்லை. சர்க்கரைக்காரரின் பாதத்தில் உணர்வு பார்க்க 10 கிராம் நைலான் இழை ஒன்று உண்டு. பையில் இல்லை, பஞ்சை முறுக்கிச் சமாளித்தாள். இது அவள் தப்பில்லை, அனுப்புகிற அலுவலகம் வாங்கித்தர வேண்டும். இடுப்புக் கட்டைப் பிரிக்காதது சரி, ஆனால் பிளாஸ்டர் ஓரத்தை அவளும் பார்க்கவில்லை. அங்கே தோல் இழுபட்டு இரண்டு கொப்புளம் இருந்தது, நான் சொன்ன பிறகுதான் குறித்துக்கொண்டாள். அறிக்கை முழுக்கச் சுருக்கெழுத்து. எனக்குப் புரிந்தது, கணவருக்கு ஒரு வரி புரியவில்லை. பார்த்துக்கொள்கிறவர் அவர்தானே.

பன்னிரண்டு மணி நேர உதவியாளருக்கு ஒரு நாளைக்கு 850 ரூபாய். வந்த அக்கா அன்பானவர், நன்றாகப் புரட்டிவிடுவார், கால்களுக்கு நடுவே தலையணை வைக்க ஒரு நாளும் மறந்ததில்லை. ஆனால் பயிற்சி போதாது. முதல் நாளே கால்விரல் இடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவினார். குதிகாலில் தடவலாம், இடுக்கில் கூடாது, ஊறிப்போகும். மூன்றாம் நாள் என் கால் நகத்தை வெட்டப் பிளேடை எடுத்தார். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். காற்றுப் படுக்கை வாடகை மாதம் 1,800 என்று சேர்க்கப் பார்த்தார்கள். மருந்துக்கடையில் விசாரித்ததில் அதைவிடக் குறைவாகவே கிடைத்தது.

இன்னொரு மனத்தாங்கல். வாராந்திர மறுமதிப்பீட்டுக்கு அதே பெண்ணை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். இரண்டாம் வாரம் வேறொருத்தி வந்தாள். குதிகால் முன்பு எப்படி இருந்தது என்று தெரியாதவள் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வாள்? படத்தைக் காட்டினேன். சூடு படத்தில் வராது. மூன்றாம் வாரம் சண்டை போட்டுப் பழைய பெண்ணையே வரவழைத்தோம். வலது குதிகாலைத் தொட்டுவிட்டு, "காயாகிவிட்டது" என்றாள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அந்தப் பெண்ணுக்குத் தனியாக ஐந்து. அமர்த்துகிறவர்கள் மதிப்பீட்டு வருகையைக் காலையில் கேளுங்கள், வெயில் வருகிற அறையில் நோயாளியைக் கிடத்துங்கள். அந்த ஆள் காலுறையைக் கழற்றாமல் கிளம்பினால் பணம் கொடுக்காதீர்கள்.

காற்று வளையத்தை மருந்துக்கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. தாமிரபரணியில் நீச்சல் பழகுவதற்கு அது வேண்டும் என்று பேத்தி போனில் கேட்டிருக்கிறாள். தலையைச் சுத்தம் செய்துகொண்டு வா, தருகிறேன் என்றேன்.